நிற்கவும் முடியவில்லை, தரையில் உட்காரவும் பயம்: இடுப்பு மூட்டு மாற்றிய வாசகிக்குப் பதில்

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 49 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், கடை, மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

ஜவுளிக் கடையொன்றில் அவருக்குப் பதினோரு ஆண்டுகளாக விற்பனைப் பணி. ஆஸ்துமாவுக்காக நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளால் இடது தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு நலிந்து அமுங்கிவிட்டது. மூன்று ஆண்டுகள் நொண்டிக்கொண்டே வேலை பார்த்தவர், கடந்த தை மாதம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வீட்டுச் சூழ்நிலை காரணமாகப் பத்தாவது வாரத்திலேயே கடைக்குத் திரும்பினார். இப்போது ஏழு மாதம் ஆகிறது.

“நடக்கும்போது பெரிய வலி இல்லை, நின்றால்தான் வலி. பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் பதினோரு மணிக்கே இடுப்பின் வெளிப்பக்கம் கடுக்கிறது. சாயங்காலம் தொடை முழுக்கக் குடைச்சல். கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக் குனிந்தால் கொஞ்சம் குறைகிறது. சில நாள் கெண்டைக்கால் மரத்துப்போகிறது” என்று எழுதுகிறார். அறுவை செய்த மருத்துவர் எக்ஸ்-ரேயைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே ஆபரேஷன் தோற்றுவிட்டதா, இல்லை இது மனப்பிரமையா என்று குழம்புகிறார். செயற்கை மூட்டுக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள், இப்படி நின்றால் அதற்கு முன்பே தேய்ந்துவிடும் என்று உடன் வேலை செய்பவர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். தீபாவளி வியாபாரம் நெருங்குவதால், முதலாளி இரக்கப்பட்டு, தரையில் மெத்தை விரித்த பட்டுப் பிரிவுக்கு மாறி உட்கார்ந்தே வேலை பார்க்கச் சொல்கிறார். மூன்று மாதமாக மருந்துக் கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரை தினம் ஒன்று. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. பட்டுப் பிரிவுக்குப் போகலாமா, முடியாது என்றால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களா, ஐப்பசியில் மயிலாடுதுறைக் காவிரியின் துலாக் கட்டத்தில் இறங்கிக் குளிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வலி மனப்பிரமை அன்று. எக்ஸ்-ரே காட்டுவது எலும்பையும் உலோகத்தையும்தான். தசையும் நரம்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் அதில் தெரிவதில்லை. “எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது” என்று உங்கள் மருத்துவர் சொன்னதை, “மூட்டு நகரவில்லை, தளரவில்லை” என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது நல்ல செய்தி. அதையே “வலிக்கக் காரணம் இல்லை” என்று நீங்கள் புரிந்துகொண்டதில்தான் குழப்பம் தொடங்கியிருக்கிறது. பார்த்து அனுப்பும் அவசரத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தவறுகிற மருத்துவர்களில் நானும் ஒருவன்.

நிற்பதால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற அச்சத்தையும் விட்டுவிடுங்கள். செயற்கை மூட்டின் உள்ளே உலோகம் அல்லது பீங்கான் வகைப் பந்து ஒன்று, பெரும்பாலும் பிளாஸ்டிக் உள்ளுறை கொண்ட கிண்ணத்துக்குள் உருள்கிறது. உரசினால்தான் தேய்மானம், அசையாமல் நிற்கும்போது உரசல் மிகக் குறைவு. பதினைந்து ஆண்டுக் கணக்கும் பழையது. பல நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, பொருத்தப்பட்ட இடுப்பு மூட்டுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது 15 ஆண்டு கடந்தும், நூற்றுக்கு 58 அளவில் 25 ஆண்டு கடந்தும் நிலைத்திருக்கின்றன.

அப்படியானால் நின்றால் மட்டும் ஏன் வலிக்கிறது? இடுப்பின் வெளிப்பக்கத்தில், சேலைக் கொசுவத்துக்குப் பக்கவாட்டில் கை வைத்தால் தட்டுப்படும் தசைக் கூட்டம்தான் நம்மை நேராக நிறுத்துகிறது. நம் பக்கத்தில் தார் தள்ளிய வாழை ஒரு பக்கம் சாயும்போது எதிர்ப்பக்கம் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவோம் அல்லவா, அந்தக் கயிற்றின் வேலையை அத்தசை செய்கிறது. மூன்று ஆண்டுகள் நீங்கள் நொண்டிய காலத்தில் இடப்பக்கக் கயிறு வேலையின்றி மெலிந்துவிட்டது. பிறகு அறுவையின்போது, எந்தப் பக்கமாக உள்ளே சென்றார்கள் என்பதைப் பொறுத்து, அங்குள்ள தசைகள் விலக்கப்பட்டோ பிரிக்கப்பட்டோ மீண்டும் தைக்கப்பட்டிருக்கும். மூட்டு ஒரே நாளில் புதிதாகிவிட்டது. தசைக்கு அந்த வசதி கிடையாது. அது பலம் பெற ஓராண்டும் ஆகலாம், உங்களைப் போல நெடுநாள் நொண்டியவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். நடக்கும்போது அது இறுகுவதும் தளர்வதுமாக இருப்பதால் இடையிடையே ஓய்வும் இரத்த ஓட்டமும் கிடைக்கின்றன. அசையாமல் நிற்கும்போது இரண்டும் கிடைப்பதில்லை. எனவேதான் ஒரு கிலோமீட்டர் நடக்க முடிகிற உங்களால் ஒரு மணி நேரம் நிற்க முடியவில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆளுயரக் கண்ணாடி முன், மேசையை இலேசாகத் தொட்டுக்கொண்டு, வலது காலைத் தூக்கி இடது காலில் மட்டும் அரை நிமிடம் நில்லுங்கள். வலது இடுப்பு கீழே இறங்கினாலோ, உடம்பு முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தாலோ, அந்தத் தசை இன்னும் தேறவில்லை என்று பொருள்.

வலியின் சொல்லும் வலியின் இடமும்

நம் மக்கள் வலியை ஒரே சொல்லால் சொல்வதில்லை, அது மருத்துவருக்குப் பெரிய உதவி. வெளிப்பக்கக் கடுப்பு, நேரம் ஆக ஆகக் கூடி, உட்கார்ந்ததும் குறைந்தால், அது பெரும்பாலும் களைத்த தசையின் குரல். அந்த இடத்தை விரலால் அழுத்தினாலோ அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலோ வலித்தால், எலும்பு மேட்டின் மேலுள்ள தசைநாணும், உரசலைக் குறைக்கும் நீர்ப்பையும் புண்பட்டிருக்கலாம். தொடையின் நடுவில், எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது வலி கூடினால், பந்தைத் தாங்கத் தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். சிமெண்ட் இல்லாமல் பொருத்திய தண்டுகளில் இத்தகைய தொடை வலி முதல் ஓரிரு ஆண்டுகள் இருந்து தணிவதும் உண்டு. கவட்டை வலி என்றால் கிண்ணத்தையும், முன்பக்கத் தசைநாணையும் பார்ப்போம். ஓய்விலும் நள்ளிரவிலும் விண்விண்ணென்று தெறிக்கும் வலி என்றால் கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்யும்வரை நான் நிம்மதியாக இருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்: குனிந்து சாய்ந்தால் குறைகிறது, கெண்டைக்கால் மரத்துப்போகிறது. இடுப்பு மூட்டின் வலி பொதுவாக முழங்காலோடு நின்றுவிடும். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போனால் கீழ் முதுகை நினைக்க வேண்டும். முதுகுத்தண்டில் நரம்பு செல்லும் வழி குறுகியவர்களுக்கு நிமிர்ந்து நிற்பதில் வலியும் மரப்பும் வரும், முன்னே குனிந்தாலோ உட்கார்ந்தாலோ அந்த வழி சற்று அகன்று இதமாக இருக்கும். கவுன்ட்டரில் சாய்ந்தால் இடுப்பின் மீதான பாரமும் குறையும் என்பதால் இந்த ஓர் அடையாளத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். இருந்தாலும் மூன்று ஆண்டு நொண்டிய உடம்பில் முதுகு பழுதுபட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தேடாமல் மூட்டையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது வீண்.

அடுத்த முறை செல்லும்போது நான்கைக் கேளுங்கள்: நரம்புச் சோதனையுடன் முதுகுப் பரிசோதனை, தொற்றின் அறிகுறி காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள், இரு கால்களின் நீள அளவு, வலது இடுப்புக்கும் ஒரு படம். ஸ்டீராய்டால் வரும் எலும்பு நலிவு பலருக்கு இரு பக்கமும் வருவது. இடது காலைக் காப்பாற்ற நீங்கள் வலது காலில் சாய்ந்து நிற்பதால் அதைப் பார்த்துவைப்பது நல்லது. கால் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் வேறுபாடு இருந்தால் கவலை வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் செருப்புக்குள் ஓர் அட்டை போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் வலி நீடிப்பவர்கள் உண்டு என்பதையும் நான் மறைக்கக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரை நெடுநாள் வலியைச் சொல்வதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. ஏழாம் மாதத்திலேயே உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை, ஏனெனில் உங்கள் தசைக்கு இன்னும் முறையான பயிற்சியே தரப்படவில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்தார்கள், பிறகு யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறை அங்கேதான் இருக்கிறது.

வலப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துப் படுத்து, இடது காலை மெல்ல உயர்த்தி இறக்குவது. மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. இம்மூன்றையும் ஓர் இயன்முறை மருத்துவர் நேரில் பார்த்துத் திருத்திய பிறகு, நாள்தோறும் இருவேளை, குறைந்தது மூன்று மாதம் செய்யுங்கள். பேருந்து ஏறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாராவாரம் வர இயலாது என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

கைத்தடி பிடிக்க வெட்கமாக இருக்கிறது என்றும், வீட்டில் மட்டும் இடது கையில் பிடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தடியை வலது கையில் பிடிக்க வேண்டும். நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு மூட்டு தாங்கும் பாரம் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு. உங்கள் 68 கிலோவுக்கு அது 170 முதல் 200 கிலோ. எதிர்க்கையில் தடி இருந்தால் அந்தத் தசைக் கயிறு இழுக்கும் வேலையைத் தடி பகிர்ந்துகொள்ளும். நீங்கள் பிடிக்கிற பக்கத்தில் பிடித்தால் வெட்கம்தான் மிச்சம்.

தினமும் போடும் வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் குறிப்பிட்டுள்ள டைக்ளோஃபினாக் வகை மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலையே தூண்டும். கடையில் கழிப்பறை தரைமட்டக் கோப்பை என்பதால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். தண்ணீர் குறைந்த உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு இரட்டைத் தீங்கு. மூன்று மாதம் சாப்பிட்டிருப்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். மாற்றாகப் பாராசிட்டமால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு, கோப்பையின் மேல் வைக்கும் கமோடு நாற்காலி கிடைக்கிறது. உங்களுக்கு மட்டுமல்ல, கடையில் முழங்கால் வலியுள்ள எல்லாருக்கும் பயன்படும் என்று சொல்லிக் கேளுங்கள்.

பட்டுப் பிரிவு வேண்டாம்

உங்கள் முதலாளி நல்ல மனத்தோடு சொல்கிறார், ஆனால் அவர் காட்டும் இடம் நிற்பதைவிட உங்களுக்கு ஆபத்தானது. நின்றால் வலிக்கும், தரையில் உட்கார்ந்தால் மூட்டு நழுவ வாய்ப்புண்டு. சம்மணம் போட்டு அசையாமல் இருப்பதே முழுக் கெடுதல் அன்று. சில அறுவை மருத்துவர்கள் பொருத்திய மூட்டின் வகையைப் பார்த்துச் சிலருக்கு அதை அனுமதிக்கவும் செய்கிறார்கள். ஆபத்து, மெத்தையில் இறங்கும்போதும் எழும்போதும், முன்னே குனிந்து எட்டிச் சேலையை இழுத்து விரிக்கும்போதும் நேர்கிறது. பெண்கள் வழக்கமாக இரு கால்களையும் ஒரு பக்கம் மடக்கி உட்காருகிறார்களே, அதில் ஓர் இடுப்பு உள்நோக்கித் திரும்புகிறது. மடங்கிய மூட்டு உள்நோக்கித் திரும்பும் அந்த நிலைதான், பின்பக்கமாக அறுவை செய்தவர்களுக்குப் பந்து கிண்ணத்தை விட்டு வெளியேற ஏதுவானது. ஒரு முகூர்த்த நாளில் எத்தனை முறை எழுந்து அமர்வீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிற்பதற்கும் தரைக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. கவுன்ட்டருக்குப் பின்னால் 60 சென்டிமீட்டருக்குக் குறையாத உயர ஸ்டூலில், கால்கள் தரையில் ஊன்றியிருக்க, பாதி நின்று பாதி உட்கார்ந்தபடி துணியை எடுத்துக் காட்டலாம். அரை மணி நேரம் நின்றால் ஐந்து நிமிடம் ஸ்டூல் என்று வைத்துக்கொள்ளுங்கள், வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிற்கும்போது ஒரு சாண் உயரப் பலகையில் கால்களை மாற்றி மாற்றி வையுங்கள். கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்பது கடை வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே மட்டும் அணிய மெத்தென்ற செருப்பு ஒன்றையும், நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பையும் கேட்டுப் பெறுங்கள். இவற்றைவிட நல்லது, தீபாவளி முடியும்வரை பில் போடும் இடத்துக்கு மாறுவது. நாற்காலி உயரம் உங்கள் முழங்காலைவிடச் சற்று மேலே, 45 முதல் 50 சென்டிமீட்டர் இருக்கட்டும். அங்கேயும் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கேட்கும் உரிமை

நான் வழக்குரைஞன் அல்லன்; என் நோயாளிகளுக்காகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்து ஓய்வெடுக்க, எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்தது. ஆகவே ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அதே வேளை, வாடிக்கையாளர் எதிரே இருக்கையில் நிற்கவே மாட்டேன் என்று சொல்லும் உரிமையாக இதை நீட்டிவிடவும் முடியாது.

வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி: அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இன்றி நீக்கக் கூடாது, நீக்கினால் மேல்முறையீடு உண்டு. உங்களுக்கோ பதினோரு ஆண்டு. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, பழைய போனஸ் ரசீது என்று வேலையைக் காட்டும் தாள்களை வீட்டில் வைத்திருங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். பயிற்சிக்காக ஒரு மாதம் விடுப்பு எடுக்க நேர்ந்தால் இது கைகொடுக்கும். பெண் என்பதாலேயே, வருமானம் பாராமல், நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் உங்களுக்கு இலவச ஆலோசனை உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றி உறவினர் சொன்னது சரியல்ல. மூட்டு மாற்றியதாலேயே அது கிடைக்காது. மருத்துவக் குழு அளந்து 40 விழுக்காடு இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள்.

ஆனாலும் இரக்கமுள்ள முதலாளியிடம் சட்டப் பிரிவை முதலில் நீட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் “இலேசான வேலை தரவும்” என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், அதை முதலாளி பட்டுப் பிரிவு என்று படிப்பார். “அரை மணிக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது, தரையில் அமரக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது, தரையிலிருந்து கட்டுத் துணி தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை” என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். தேதி போட்ட நகலொன்று உங்களிடம் இருக்கட்டும். பிறகு சட்டம் தேவைப்பட்டால் அந்த நகல் பேசும்.

தாமதிக்கக் கூடாதவை

திடீரென்று வலித்துக் கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு ஊன்ற முடியாமல் போனால். காய்ச்சலோடு தழும்பு சிவந்தாலோ நீர் கசிந்தாலோ. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால். சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ பாதம் தொங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் 108-ஐ அழையுங்கள். இந்நிலைகளில் எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவதற்கு யாரையும் அனுமதிக்காதீர்கள்.

துலாக் கட்டம் பற்றிக் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். தண்ணீரால் உங்கள் மூட்டுக்கு ஒன்றும் ஆகாது. பாசி பிடித்த படியும் நெரிசலும்தான் பயம். ஐப்பசியின் கடைசி நாளான கடைமுகத்தன்று அந்தக் கூட்டத்தில் இறங்க வேண்டாம். கால் முடியாதவர் ஒருவர் ஐப்பசி முடிவதற்குள் வந்து சேர இயலாமல் போக, அவருக்காகக் கார்த்திகை முதல் நாளுக்கும் அதே பலன் அருளப்பட்டது என்று சொல்லி முடவன் முழுக்கு நடக்கிற ஊர் அது. அந்த நாளில் விடியலின் இருட்டைத் தவிர்த்து, நன்றாக வெளிச்சம் வந்தபின் போங்கள். இடுப்பளவு நீர் தேவையில்லை. பிடிமானம் உள்ள இடத்தில், ஈரம் குறைந்த படியில் நின்று, உடன் வந்தவரை மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். இறங்கும்போது இடது காலை முதலில் வையுங்கள், ஏறும்போது வலது காலை.